கூடைப்பந்து: பந்து கையில் இல்லாதவர் எங்கே நிற்பது?

புதிதாக ஆட வந்த பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். எல்லோரும் பந்தை ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள். "பாஸ்! பாஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடிவரும் பையன், தன்னைத் தடுக்க நிற்பவனையும் கூடவே இழுத்து வருகிறான். பந்து வைத்திருப்பவனுக்கு இப்போது இரண்டு டிஃபென்டர்கள்! டிரிபிளும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) ஷூட்டிங்கும் வாரக்கணக்கில் சொல்லித்தருகிறோம். ஆனால் எந்த நேரத்திலும் அணியில் நான்கு பேர் கையில் பந்து இருக்காது. அவர்களுக்கான பாடத்தை முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும் என்பேன்.

படி 1: காரணத்தைக் கண்ணால் காட்டுங்கள்

இரண்டு பிள்ளைகளை 2 மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே டிஃபென்டர். நீங்கள் எதிரே நின்று யாராவது ஒருவருக்குப் பந்தைப் போடுங்கள். டிஃபென்டர் ஓர் எட்டு வைத்தாலே தட்டிவிடுவான். இப்போது இருவரையும் 5 மீட்டருக்கு விலக்குங்கள். ஒருவனை விட்டால்தான் இன்னொருவனிடம் போக முடியும். இதைச் செய்துகாட்டிவிட்டால் அப்புறம் விளக்கமே தேவைப்படாது.

படி 2: ஐந்து இடங்களைக் குறியுங்கள்

மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று வெளியே, சாக்பீஸால் ஐந்து வட்டம் போடுங்கள்: வளையத்துக்கு நேர் எதிரே டாப், அதன் இரு பக்கமும் விங், வளையத்தின் மட்டத்தில் இரண்டு கார்னர். சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் அளவில் அந்தக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர், கார்னரில் 6.60. விங் சரியாக 45 டிகிரியில் இருந்தால், பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய 5 மீட்டர் தானாகவே கிடைத்துவிடும். கை வலு குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கு 4 மீட்டராகச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்கும் குறைக்க வேண்டாம்.

படி 3: பாஸ், கட், நிரப்பு

எதிராளி இல்லாமல், டிரிபிளும் இல்லாமல் நடந்தே பழக்குங்கள். டாப்பில் இருப்பவள் வலது விங்குக்குப் பாஸ் செய்கிறாள். செய்ததும் நின்று வேடிக்கை பார்க்காமல் வளையத்தை நோக்கி வெட்டி ஓட வேண்டும். கண் பந்தின் மேல், கை பிடிக்கத் தயாராக. பந்து வரவில்லையா? வளையத்தின் கீழ் நிற்கக் கூடாது. வளையத்தின் முன்னுள்ள கட்டத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி ஒருபுறம் இருக்கட்டும், அவள் நின்றால் அடுத்து வெட்டி வருபவருக்கு வழி அடைபடும். இதற்குள் இடது விங்கில் இருந்தவள் டாப்புக்கு ஏற வேண்டும், இடது கார்னரில் இருந்தவள் விங்குக்கு. காலியான இடது கார்னருக்கு, வெட்டி ஓடியவளே போய்ச் சேர்வாள்.

இந்த ஒரு சுற்றில்தான் பிள்ளைகள் அதிகம் குழம்புவார்கள். அவசரப்படாதீர்கள். "பக்கத்து வட்டம் காலியானால், பந்து இருக்கும் பக்கமாக ஓர் இடம் நகரு" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கால்களுக்குப் பழகியதும் ஓடவிடுங்கள்.

படி 4: டிஃபென்ஸைச் சேருங்கள்

ஐவருக்கு ஐவர், டிரிபிள் இன்னும் கூடாது. பந்து வரும் வழியில் டிஃபென்டர் கையை நீட்டி மறித்தால், பிள்ளைகள் பந்தை நோக்கி இன்னும் இரண்டு எட்டு வருவார்கள். அங்கேதான் இடைவெளி செத்துப்போகிறது. அப்போது வெளியே ஓர் எட்டு வைத்துவிட்டு, சட்டென்று அவன் முதுகுக்குப் பின்னால் வளையத்துக்கு ஓடச் சொல்லுங்கள். இதுதான் பேக்டோர் கட். இப்படி ஒரு லேஅப் (வளையத்தின் அருகே ஓடிவந்து போடும் ஷாட்) விழுந்துவிட்டால் போதும், அடுத்த நாள் எல்லோரும் அதையே தேடுவார்கள்.

நடுநடுவே விசில் ஊதி, அப்படியே நிற்கச் சொல்லுங்கள். திட்ட வேண்டாம். "உன்னைத் தடுப்பவன் இங்கிருந்தே பக்கத்து ஆளையும் தொட முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளையே இடம் மாறிக்கொள்ளும்.

படி 5: டிரிபிளை அனுமதியுங்கள்

ஆளுக்கு இரண்டு டிரிபிள் மட்டும், அதுவும் வளையத்தை நோக்கி. ஒருத்தி எண்ட்லைன் (வளையத்தின் பின்னால் உள்ள எல்லைக் கோடு) ஓரமாக உள்ளே நுழைந்தால், எதிர்ப்பக்கக் கார்னரில் கட்டாயம் ஆள் இருக்க வேண்டும்; அவளைத் தடுக்க உதவிக்கு வருபவன் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவான். இது பழகிய பிறகு சாக்பீஸ் வட்டங்களை அழித்துவிட்டு ஆடவிடுங்கள். மறுபடியும் மொய்க்க ஆரம்பித்தால், படி 3-க்குத் திரும்பி டிரிபிள் இல்லாமல் பத்து நிமிடம் ஆடிவிட்டு வாருங்கள்.