அப்பாவோட பேங்க் வேலைய கையில எடுக்குறதுக்கு முன்னாடி

எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, இப்ப 78 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் பெரிய புத்திசாலி மாதிரி, என்ன ஃபார்ம்னு சரியா சொல்லாமலேயே அவர்கிட்ட கையெழுத்து வாங்கி பேங்க்ல இருந்த மொபைல் நம்பர என் நம்பருக்கு மாத்திட்டேன், ஓடிபி எனக்கு வந்துட்டா அவர எவனும் ஏமாத்த முடியாதுல்ல. மாசக் கடைசில பென்ஷன் ஏறுன மெசேஜ் எனக்கு வந்துச்சு, அங்க திருச்சில மனுஷன் கண்ணாடிய மாட்டிக்கிட்டு போனையே பாத்துட்டு உக்காந்திருந்தாராம். ரெண்டு நாள் பேசல. அப்புறம் "ஏம்மா, நான் இன்னும் இருக்கேன்ல?"ன்னாரு.

அதனால நம்பர மாத்தாதீங்க. அவர் நம்பரே இருக்கட்டும், மெசேஜ் அவருக்கே போகட்டும்.

அதுக்கு பதிலா ஊருக்குப் போறப்ப ஒரு மத்தியானம் பாஸ்புக்கு, எஃப்டி ரசீது எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லி "எனக்கு ஒண்ணும் புரியல, சொல்லிக்குடுங்கப்பா"ன்னு ஒரு நோட்டோட உக்காருங்க. நடிப்பு இல்ல, நமக்கு நெஜமாவே தெரியாது. எந்த பேங்க்ல எவ்வளவு, லாக்கர் சாவி எங்க, நாமினி யாருன்னு அவரே சொல்லுவாரு, நடுவுல 1982ல வாங்குன இன்க்ரிமென்ட் கதையும் வரும், அதையும் கேளுங்க. அம்மாவையும் பக்கத்துல உக்கார வைங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா நாளைக்கு ஃபேமிலி பென்ஷன் வாங்கப்போறது அவங்கதான். பிபிஓல, அதாவது பென்ஷன் குடுக்கச் சொல்ற ஆர்டர்ல, அம்மா பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்குற மாதிரியே இருக்கான்னு பாருங்க, எங்கம்மா பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்துச்சு, அத இப்பவே சரி பண்ணிட்டா பின்னாடி அவங்க தனியா அலைய வேணாம். அக்கவுண்ட் அப்பா பேர்ல மட்டும் இருந்தா அம்மாவையும் சேத்து 'ஐதர் ஆர் சர்வைவர்'னு, அதாவது ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம், ஒருத்தர் இல்லாட்டியும் இன்னொருத்தர் எடுக்கலாம்னு மாத்திக்கலாம், ஆனா அத அப்பா வாயாலயே பேங்க்ல கேக்க விடுங்க.

தெரியாத போன் வந்து பணம் போயிடுச்சுன்னா திட்டாதீங்க. திட்டுனா அடுத்த தடவை நம்மகிட்ட மறைச்சிடுவாங்க. உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணணும், எவ்வளவு சீக்கிரம் பண்றோமோ அவ்வளவு நல்லது, அந்த நம்பர பெருசா எழுதி பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்.

ஆஸ்பத்திரிலயும் இதே கததான். டாக்டர் அவர விட்டுட்டு நம்ம மூஞ்சியப் பாத்தே பேசுவாரு, "அப்பாகிட்டயே சொல்லுங்க டாக்டர்"னு சொல்லிட்டு நீங்க மாத்திரை பேர மட்டும் குறிச்சுக்குங்க.

நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட், அதாவது பென்ஷன் நிக்காம வர்றதுக்கு 'நான் உயிரோட இருக்கேன்'னு வருஷா வருஷம் குடுக்குறது. மத்திய அரசு பென்ஷன்காரங்க பேங்குக்கு போகாம ஜீவன் பிரமாண் ஆப்ல முகத்த காட்டியே குடுத்துடலாம், 80 தாண்டுனவங்க அக்டோபர் 1லயே குடுக்கலாம். ஆண்ட்ராய்டு போன், முகத்த ஆதாரோட சரிபாக்குற ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப், பிபிஓ நம்பர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் கையில வச்சுக்குங்க. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல உக்கார வைங்க. கண்ண சிமிட்டுங்கன்னு ஆப் கேக்கும், எங்கப்பா போட்டோவுக்கு நிக்குற மாதிரி வெறச்சுப்போய் முழிச்சுட்டே இருந்தாரு, அம்மா பின்னாடி நின்னு சிரிச்சு சிரிச்சு, நாலாவது தடவதான் எடுத்துச்சு.