ஏரிச் சேற்றில் எண்ணெய்: மூலம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஏரியில் எண்ணெய் மிதந்தால், முதலில் தோல் தொழிற்சாலையைத்தான் கைகாட்டுகிறோம். அந்தக் கோபம் நியாயமானது. பாலாற்றைக் கெடுத்த கழிவு பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் தோல் கழிவின் முக்கிய அடையாளம் குரோமியமும் உப்பும்தான். எண்ணெயில் இருக்கும் ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) யாருடையது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஆளை மாற்றிச் சொன்னால், ஊற்றியவர் தப்பிவிடுவார்.

நீர்மேல் வானவில் நிறம் தெரிந்ததுமே டீசல் என்று முடிவு கட்டாதீர்கள். குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால், பெரும்பாலும் இரும்பு பாக்டீரியாவின் படலம். உடனே மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய்.

ஆய்வகத்தில் 'ஆயில் அண்ட் கிரீஸ்' அளவை மட்டும் கேட்பது பெரிய தவறு. தோலிலிருந்து வரும் கொழுப்பும், தோலை மிருதுவாக்கப் போடும் எண்ணெயும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். சிலிக்கா ஜெல் என்ற உறிஞ்சு பொருளில் கொழுப்பை நீக்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் 27, 29, 31 கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்கேன்கள் (ஒரு வகை ஹைட்ரோகார்பன்) மட்டும் தூக்கலாக இருந்தால், அது இலைகளின் மெழுகு. பெட்ரோலியத்தின் கைரேகை போன்ற ஹோபேன், ஸ்டெரேன் சேர்மங்கள் பெட்ரோலியப் பாணியில் தெரிந்தால்தான் பெட்ரோலியத்தைச் சந்தேகிக்கலாம்.

எரிந்த புகையா, சிந்திய எண்ணெயா என்பதற்கு ஃபுளோரான்தீன், பைரீன் என்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் இரண்டின் கூட்டுத்தொகையில் ஃபுளோரான்தீனின் பங்கைப் பார்ப்பார்கள். 0.4-க்குக் கீழே பெட்ரோலியம், 0.5-க்கு மேல் விறகு, வைக்கோல், நிலக்கரி எரிப்பு, நடுவில் வண்டிப்புகை. சரி, இந்த ஒரு விகிதம் போதுமா? போதாது. அதே வகைச் சேர்மங்களான ஆந்த்ரசீன்–பினாந்த்ரீன் விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் ஆந்த்ரசீன் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதையும். வேலூர் வெயிலில் காய்ந்து கிடந்த சேற்றில் அந்த விகிதம் ஏமாற்றிவிடும்.

இன்னொன்று, சேற்றின் அடுக்குகளை அப்படியே நம்புவது. கலையாத சேற்றில் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை வைத்து ஒவ்வொரு அடுக்கும் படிந்த ஆண்டைக் கணிக்கலாம்; அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். நம் ஏரிகளோ கோடையில் வற்றி வெடிக்கின்றன. வயலுக்கு வண்டல் போகிறது, சூளைக்கு மண் போகிறது. மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது என்ற கணக்கே குலைந்துபோகும். சேற்றை அடுக்கோடு எடுக்கும் குழாயை இறக்குவதற்கு முன், எந்தப் பக்கம் மண் எடுத்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

மதகடிக் களியையும் வரத்துக்கால் மணலையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். களியில்தான் ஹைட்ரோகார்பன் அதிகம் ஒட்டும். கரிமக் கார்பன் அளவால் வகுத்த பிறகே ஒப்பிடலாம். சேற்றைப் பிளாஸ்டிக் பையில் போடாமல், சுத்தமான கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். பக்கத்தில் டீசல் என்ஜின் ஓடினால், அது நிற்கும்வரை காத்திருங்கள்.