யோஹான் ரெங்க் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1986-ல் சோவியத் ஒன்றியத்தில் நடந்த அணு உலை விபத்தைச் சொல்லும் ‘செர்னோபில்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து அசந்துபோய், இயக்கியவர் யார் என்று தேடுகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அவர் ஒரு பாடகர். 1966-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் பிறந்த யோஹான் ரெங்க், ‘ஸ்டாக்கா போ’ என்ற பெயரில் பாடிய ‘ஹியர் வீ கோ’ 1993-ல் பிரிட்டனின் பாடல் விற்பனைப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போனது. ஒரு பாட்டு ஓடியது, அப்புறம் எதுவும் எடுபடவில்லை, அதனால் கேமரா பக்கம் போய்விட்டார் என்று பலரும் அவர் கதையை முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் ஒத்துவரவில்லை.

மடோனாவின் ‘நத்திங் ரியலி மேட்டர்ஸ்’ வீடியோவை ரெங்க் இயக்கியது 1999-ல். அவருடைய கடைசி ஆல்பம் வந்தது 2001-ல். அதாவது, உலகின் மிகப் பெரிய பாப் நட்சத்திரத்தை இயக்கிய பிறகும் அவர் பாடுவதை விட்டுவிடவில்லை. அதே 2001-ல் நியூ ஆர்டர் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘கிரிஸ்டல்’ வீடியோவை எடுத்தார். அதில் அசல் குழுவுக்குப் பதிலாக இளைஞர்களை நிறுத்தி, அவர்களை ஒரு கற்பனைக் குழுவாகவே ஆக்கினார். அவர்களுடைய டிரம்மில் ‘தி கில்லர்ஸ்’ என்று எழுதியிருக்கும். லாஸ் வேகாஸில் உருவான நிஜக் குழு தன் பெயரை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. மேடை ஏறிப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படி ஒரு குழுவைக் கச்சிதமாகக் கற்பனை செய்யத் தோன்றும் என்பது என் எண்ணம்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு ஆள் மாறாட்டம். மியூசிக் வீடியோ இயக்குநர் யோனாஸ் ஓக்கெர்லுண்டும் ஸ்வீடன்காரர், அவரும் இசையிலிருந்து வந்தவர்; பாத்தரி என்ற மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். மடோனாவின் ‘ரே ஆஃப் லைட்’ (1998) வீடியோ அவர் இயக்கியது; ‘ஹங் அப்’ (2005) ரெங்குடையது. குதிரையிலிருந்து விழுந்து எலும்புகள் முறிந்த சில வாரங்களிலேயே மடோனா ஆடிக்கொடுத்த வீடியோ அது.

மிகவும் கவனமாகப் பேச வேண்டியது பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி விஷயத்தில். ரெங்க் இயக்கிய அவருடைய ‘லாசரஸ்’ வீடியோ 2016 ஜனவரி 7 அன்று வெளியானது. 10 அன்று போவி புற்றுநோயால் இறந்தார். கண்கள் கட்டப்பட்டு, கட்டின்மேல் இரண்டு பொத்தான்கள் வைக்கப்பட்டு, படுக்கையில் கிடக்கும் போவி கடைசியில் ஓர் அலமாரிக்குள் பின்வாங்கிப் போய் மறைகிறார். பார்த்தவர்கள் எல்லோரும், தன் மரணத்தைத் தானே அரங்கேற்றிவிட்டுப் போனார் என்று எழுதினார்கள். ஆனால் அந்தப் படுக்கை தன்னுடைய யோசனை என்று ரெங்க் பின்னர் சொல்லியிருக்கிறார். பைபிளில் இறந்து உயிர்த்தெழும் லாசருவின் பெயர் பாட்டுக்கு இருந்ததால் அது தோன்றியதாம். நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. சிகிச்சையை நிறுத்தப்போகிறார்கள் என்பது போவிக்கே படப்பிடிப்பு நடந்த வாரத்தில்தான் தெரியவந்தது. ரெங்குக்கு அது தெரிந்தது அதற்கும் பிறகு. எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டது என்று எழுதினால், இரண்டு கலைஞர்கள் சேர்ந்து தேடிக் கண்டடைந்த ஒன்றை நாம் பறித்துவிடுகிறோம்.

இருவரும் சேர்ந்ததும் மியூசிக் வீடியோ வழியாக அல்ல. ‘தி லாஸ்ட் பாந்தர்ஸ்’ (2015) என்ற தொலைக்காட்சித் தொடரை ரெங்க் இயக்கியபோது, அதன் முகப்பு இசைக்காகப் போவியை அணுகினார். கிடைத்தது ‘பிளாக்ஸ்டார்’ பாட்டின் ஒரு பகுதி. அந்த முழுப் பாட்டின் பத்து நிமிட வீடியோ அதற்குப் பிறகு வந்ததுதான்.

சரி, ‘செர்னோபில்’ (2019). பாட்டு வீடியோ எடுத்தவருக்கு எங்கிருந்து திடீரென்று இந்த நிதானம் வந்தது என்று கேட்கிறார்கள். திடீரென்று எதுவும் வரவில்லை. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் மூன்று அத்தியாயங்களை அவர் ஏற்கெனவே இயக்கியிருந்தார். வீடியோக்காரர் என்றால் காட்சிகளைப் படபடவென்று வெட்டுவார் என்ற எண்ணமும் ‘செர்னோபில்’ நான்காவது அத்தியாயத்தின் கூரைக் காட்சியோடு போய்விடும். கதிர்வீச்சு மிகுந்த கூரையில் ஒரு வீரர் நிற்கலாம் என அனுமதிக்கப்பட்டது 90 விநாடி. அந்த நேரத்தைக் கேமரா ஒருவரின் பின்னாலேயே போய், வெட்டே இல்லாமல் காட்டுகிறது. அவர் தடுமாறும்போது நமக்கும் மூச்சு முட்டுகிறது.

இவ்வளவு பாராட்டும்போது ஒன்றைக் கலந்துவிடக் கூடாது. ‘செர்னோபில்’ தொடரை உருவாக்கி எழுதியவர் கிரெய்க் மேசின். இசை, லித்துவேனியாவில் மூடப்பட்ட ஓர் அணுமின் நிலையத்துக்குள் ஒலிகளைப் பதிவுசெய்து ஹில்டுர் குட்னடோட்டிர் அமைத்தது. ரெங்க் வாங்கிய எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது, ஐந்து அத்தியாயங்களையும் இயக்கியதற்காக.