வளைகாப்புப் பலகாரம்: நான்கு நாள் முன்னாலேயே தொடங்குங்கள்

மூத்த மகளின் வளைகாப்பில் அவள் கையில் முதல் வளையல் ஏறும்போது நான் அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். ஐம்பது பேருக்கான கேசரி, பாதியில் கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். கூடத்தில் குலவைச் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் அவள் இரண்டு கையும் நிறைந்திருந்தது. அந்த நாளின் போட்டோ ஒன்றில்கூட நான் இல்லை.

போன தை மாதம் இளையவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. சம்பந்தி வீடு தூத்துக்குடியில், நாங்கள் பாளையங்கோட்டையில். ஐந்து வகைச் சாதமும் பலகாரமும் கட்டிக்கொண்டு வேனில் ஒரு மணி நேரம் போக வேண்டும். இந்த முறை அன்றைக்குக் காலையில் ஒரே ஒரு இனிப்புக்காக மட்டும் அடுப்பைப் பற்றவைப்பது, மற்றதெல்லாம் முன்னாலேயே முடிப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு ஏற்ற பலகாரங்களைத்தான் எடுத்துக்கொண்டேன்: முந்திரிக்கொத்து, பாசிப்பருப்பு மாவுருண்டை, தேங்காய் பர்பி, அன்றைக்குக் காலையில் சர்க்கரைப் பொங்கல். கேசரியும் பாயசமும் வேண்டாம். இரண்டும் சூடாக இருக்கும்போதுதான் ருசி, வண்டியில் கொண்டுபோவதும் கஷ்டம்.

பட்டியல் போடும் முன் பிள்ளைத்தாய்ச்சியிடம் கேளுங்கள். என் மகளுக்கு ஆறாம் மாதத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு 136 வந்தது. "இனிப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அது சரியில்லை. கருப்பட்டி, வெல்லம், சீனி எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதனால் எல்லா உருண்டையையும் நெல்லிக்காய் அளவுக்குச் சின்னதாகப் பிடித்தேன். விருந்தாளிக்கு இரண்டு கொடுக்கலாம், அவள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கூடவே அவளுக்கென்று ஒரு கிண்ணம் பயறுச் சுண்டலும் வைத்தேன். எல்லாரும் சாப்பிடும்போது அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கக் கூடாதே.

நான்கு நாள் முன்னால் முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்க வேண்டும். பெயரில்தான் முந்திரி உண்டு, பலகாரம் முழுக்கப் பாசிப்பயறுதான். எங்கள் பக்கத்திலும் நாகர்கோவில் பக்கத்திலும் கல்யாணச் சீர், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் இது போகும். அரை கிலோ முழுப் பயறைச் சின்னத் தீயில் வறுங்கள். முதலில் பச்சை நிறம் மங்கும், அப்புறம் படபடவென்று ஒன்றிரண்டு வெடிக்கும். வாயில் போட்டுக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருண்டை நான்கு நாள் தாங்காது. ஆறியதும் மிக்சியில் ரவையை விடச் சற்று நைசாகத் திரித்துக்கொள்ளுங்கள், மாவாக வேண்டாம். ஒரு மூடித் தேங்காயைத் துருவி, ஈரம் போய்ச் சிவக்கும்வரை வறுத்துச் சேருங்கள். எட்டு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு பொடித்துப் போடுங்கள். வழக்கமாக இரண்டு கரண்டி எள்ளும் வறுத்துப் போடுவோம். பிள்ளைத்தாய்ச்சிக்கு எள் கூடாது என்பது என் மாமியாரின் கட்டாயம். விட்டுவிட்டேன், ருசி ஒன்றும் குறையவில்லை.

இனிப் பாகு. இதில்தான் எல்லாம் இருக்கிறது. 400 கிராம் வெல்லத்தைத் தட்டி, முக்கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, கண்டிப்பாக வடிகட்டுங்கள். எவ்வளவு வெள்ளையான வெல்லத்திலும் அடியில் மண் இருக்கும். திரும்ப அடுப்பில் வைத்தால் முதலில் நுரை பெரிது பெரிதாகப் பொங்கும், அப்புறம் நுரை சிறுத்துக் கனமாகும். அப்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் மெத்தென்று ஒரு உருண்டையாகத் திரண்டு வர வேண்டும். கிண்ணத்தில் தட்டினால் டங்கென்று சத்தம் வந்தால் பதம் தாண்டிவிட்டது, உருண்டை கல்லாகிவிடும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், கால் டம்ளர் வெந்நீர் ஊற்றித் திரும்பக் காய்ச்சிப் பதம் பார்க்கலாம். நான் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

பாகை மாவில் மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிரும். இதற்கு மட்டும் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் என் தங்கையும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து அரை மணி நேரத்தில் முடித்தோம். இந்த அளவுக்கு அறுபது, எழுபது உருண்டை வரும். தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். மறுநாள் தட்டினால் கெட்டியாக இருக்கும்.

மூன்று நாள் முன்னால் பொரிப்பது. பச்சரிசி மாவு ஒரு டம்ளர், ஒரு சிட்டிகை உப்பு, நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டு, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரையுங்கள். உருண்டையை முக்கி எடுத்தால் மேலே போர்வை மாதிரி நிற்க வேண்டும், வழிந்து ஓடக் கூடாது. மூன்று உருண்டையைச் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் எண்ணெயில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வரும். நடுத்தரத் தீ போதும். உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான், மேல்மாவு மொறுமொறுப்பானால் எடுத்துவிடலாம். மஞ்சள் நிறம் மாறிச் சிவக்க விடாதீர்கள். எங்காவது மேல்மாவு மூடாமல் இருந்தால் வெல்லம் எண்ணெயில் இறங்கிக் கருகும். அப்படி ஒரு உருண்டை உடைந்தால் உடனே துளைக்கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஈடு முழுக்கக் கசக்கும். நன்றாக ஆறிய பிறகு டின்னில் போட்டால் ஒரு வாரம் தாங்கும்.

இரண்டு நாள் முன்னால் மாவுருண்டை. முக்கால் கிலோ பாசிப்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து நைசாகத் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். சரிக்குச் சரி சீனி போடுவார்கள். நான் அரை கிலோவோடு நிறுத்தினேன், யாரும் இனிப்பு போதவில்லை என்று சொல்லவில்லை. சீனியை ஏலக்காயோடு பொடித்துக் கலந்து, 400 கிராம் நெய்யை நன்றாகக் காய்ச்சி, ஒரு பகுதி மாவுக்கு மட்டும் ஊற்றிப் பிடியுங்கள். அது முடிந்த பிறகு அடுத்த பகுதி. மொத்தத்துக்கும் ஒரேயடியாக ஊற்றினால் கடைசி உருண்டை பிடிப்பதற்குள் நெய் உறைந்துவிடும்.

தேங்காய் பர்பியை முந்தின நாள் சாயங்காலம் செய்தால் போதும், அதற்கு மேல் ஆயுள் குறைவு. துருவலில் வெள்ளைப் பகுதி மட்டும் வேண்டும், ஓடு வரைக்கும் துருவினால் நிறம் போய்விடும். மூன்று டம்ளர் துருவல், இரண்டு டம்ளர் சீனி, அரை டம்ளர் தண்ணீர். ஓரமெல்லாம் வெள்ளை நுரை பூத்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் நெய் தடவிய தட்டில் கொட்டி, பத்து நிமிஷத்தில் கோடு போட்டுவிடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் ஒரு கரண்டி பால் தெளித்துத் திரும்ப ஒரு கிளறு கிளறினால் சேர்ந்துவிடும்.

வளைகாப்பு அன்று காலை நான்கரைக்கு எழுந்து சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். வெல்லத்தை ராத்திரியே கரைத்து வடிகட்டி வைத்திருந்தேன். அரிசியும் பருப்பும் மசிகிற அளவு குழைந்த பிறகுதான் வெல்லம் ஊற்ற வேண்டும். அரை வேக்காட்டில் ஊற்றினால் அரிசி அப்படியே விறைத்து நிற்கும், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. பச்சைக் கற்பூரம் சேர்க்கவில்லை, அந்த வாசனை மகளுக்குக் குமட்டுகிறது. பெரிய ஹாட்பாக்ஸ் இரண்டில் அடைத்தேன். கலவைச் சாதங்களைத் தங்கை அவள் வீட்டில் செய்து கொண்டுவந்துவிட்டாள்.

விருந்தாளிகளுக்குக் கொடுக்கப் பனையோலைக் கொட்டான் அறுபது வாங்கி, வாட்டிய வாழை இலையைத் துடைத்து உள்ளே விரித்து அடுக்கினோம். வாட்டாத இலை என்றால் கிழியும், ஈரமிருந்தால் பலகாரத்தின் மொறுமொறுப்பு போய்விடும். பர்பியைத் தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றினோம், இல்லையென்றால் முந்திரிக்கொத்து நமத்துவிடுகிறது. பொரித்ததைச் சூட்டோடு மூடி வைக்காதீர்கள், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

எட்டு மணிக்கு வேன் புறப்பட்டது. பத்தரைக்கு மகளை மணையில் உட்காரவைத்தார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தனம் பூசி, வேப்பிலைக் காப்பு போட்ட பிறகு முதல் பச்சை வளையலை என் கையால் போட்டேன். கை கொஞ்சம் வீங்கியிருந்தது, வளையல் மணிக்கட்டில் நின்றது. விரல்களைக் குவித்துப் பிடித்து மெதுவாக ஏற்றினேன். சாப்பாடு முடிந்ததும் ஒரு கொட்டானைத் திறந்து ஒரு கொத்து எடுத்து, அதிலிருந்து ஒரு உருண்டையை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டாள். மீதி இரண்டையும் மாப்பிள்ளை கையில் வைத்தாள்.