கொய்யா வேர் முடிச்சு: ஒரு டியூபுக்கு ஒரு புழு

கொய்யா வேரில் முடிச்சைக் கண்டதுமே 'மெலாய்டோகைன் என்டரோலோபி' என்ற வேர்முடிச்சு நூற்புழு இனம்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அதே வேரில் அதன் உறவினமான இன்காக்னிட்டாவும் குடியிருக்கலாம். பெண் புழுவின் பின்புற ரேகையை வைத்து இரண்டையும் பிரிப்பது சிரமம், அதனால்தான் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை வரை போகிறோம். முடிச்சை முழுசாக அரைத்து டி.என்.ஏ. எடுத்தால் ஜெல்லில் தெரியும் பேண்ட் (டி.என்.ஏ. கோடு) எந்தப் புழுவினுடையது என்றே சொல்ல முடியாது. அதனால் என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதலில் ஊசியால் ஒற்றைப் புழுவைப் பிரித்தெடுக்கும் வேலைதான்.

வேரை மண் போகக் கழுவி, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் முடிச்சைப் பிரியுங்கள். குத்தாதீர்கள், ஓரமாகக் கிழியுங்கள். முத்துப்போல் வெள்ளையாக, கழுத்து நீண்ட பெண் புழு தெரியும். முட்டைத் திரள் ஒட்டியிருந்தால் தனியே எடுத்து வையுங்கள், பிறகு வேலைக்கு வரும். புழுவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கொய்யா வேரின் துவர்ப்புச் சத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பி.சி.ஆர். படுத்துவிடும். பலர் அவசரப்படுவது இங்கேதான்.

சின்னத் தண்ணீர்ச் சொட்டில் பின்புறத்தை வெட்டி ரேகைக்கு ஒதுக்குங்கள். மீதியைச் சொட்டோடு உறிஞ்சி, புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதி கலந்த 20 மைக்ரோலிட்டர் பஃபரில் விடுங்கள். 65 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 95 டிகிரியில் 10 நிமிடம். அவ்வளவுதான், கிட் எதுவும் வேண்டாம்.

பிரைமர் (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் குட்டி டி.என்.ஏ.) தேர்வில் ஒரு எச்சரிக்கை: ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியை நம்பாதீர்கள். இன்காக்னிட்டா, ஜவானிகா, அரினேரியா மூன்று இனங்களும் அதில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். என்டரோலோபிக்கு எம்.கே.7 ஜோடி போடுங்கள், 520 பேஸ் (டி.என்.ஏ. எழுத்து) நீளத்தருகே பேண்ட் வரும். இன்காக்னிட்டாவுக்கு ஃபின்க்-ரின்க் ஜோடி, சுமார் 1200. இரண்டையும் தனித்தனி டியூபில் ஓட்டுங்கள். இனம் உறுதியான புழுவின் டி.என்.ஏ. ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று, இவை இல்லாத ஜெல் படத்தை நான் பார்ப்பதே இல்லை.

இரண்டிலும் பேண்ட் இல்லையா? 'வேறு இனம்' என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எல்லா நூற்புழுக்களுக்கும் பொதுவான 28எஸ் மரபணுவின் டி2-டி3 பகுதிக்கான பிரைமரை அதே டி.என்.ஏ.வில் போடுங்கள். அதுவும் வராவிட்டால், துவர்ப்புச் சத்தின் தடை குறைய, டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். வந்துவிட்டால் அந்தத் துண்டை சீக்வென்சிங்குக்கு (எழுத்து வரிசையைப் படிக்க) அனுப்பலாம். அப்புறம், தனியே வைத்த முட்டைத் திரளை, கிருமி நீக்கிய மண்ணில் வளரும் தக்காளி நாற்றடியில் இடுங்கள். ஒரே தாயின் வம்சம் கிடைக்கும், அடுத்த சோதனைக்குப் புழு தேடித் தோட்டம் போகவேண்டாம்.