விடியற்காலையில் அணைந்துபோகும் பழைய லாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு முழுவதும் நின்றிருந்த பழைய டீசல் லாரி, விடியற்காலையில் செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டு, கால் நிமிடம் ஓடி, பிறகு குலுங்கி அணைந்துவிடுகிறது என்றால், பலர் உடனே ஐடிலிங் ஸ்க்ரூவை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் திருகு) ஏற்றிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். எஞ்சின் சூடேறிய பிறகு தேவைக்கு மேல் இரைந்து டீசலைக் குடிக்குமே ஒழிய, கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பில் மிஞ்சியிருந்த டீசலில்தான் எஞ்சின் பிடிக்கிறது. அது தீர்ந்ததும் பின்னால் வரும் காற்று அதை அணைத்துவிடுகிறது. டேங்கிலிருந்து, இன்ஜெக்ஷன் பம்புக்கு டீசல் எடுத்துக் கொடுக்கும் ஃபீடு பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டே வருவதால், அந்த வழியில் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தாலும் வாஷர் தேய்ந்திருந்தாலும் காற்று உள்ளே புகும். டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை. கீழே ஈரமில்லை, ஆகவே கசிவும் இல்லை என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. ஃபீடு பம்புக்கு வரும் ஹோஸுக்குப் பதிலாக, டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் ட்யூபை ஒரு முழம் மாட்டிப் பாருங்கள்: கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடினால் காற்று அதற்கு முன்பே புகுந்திருக்கிறது. சுத்தமான கேனில் டீசல் வைத்து நேராக ஃபீடு பம்புக்குக் கொடுத்ததும் எஞ்சின் சீராக ஓடினால், குறை டேங்க் பக்கம் என்பது உறுதியாகும். இதைத் தேடாமல் தினமும் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் சிறு பம்ப்) அழுத்தி, லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தால், மறுநாள் காலை அதே கதைதான்.

எஞ்சின் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று, சட்டெனத் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை ஏர் கிளீனரில் அடிப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். குளிரில் எஞ்சின் பிடிக்கச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது நேரம் தவறி வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கக்கூடும்.

வெள்ளைப் புகையோடு குலுங்கினால் உடனே இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிபார்த்து அமைப்பதற்கு) அனுப்பிப் பணத்தை இறைக்க வேண்டாம். பேட்டரி பலவீனத்தால் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா, வால்வு இடைவெளி சரியா என்பவற்றோடு, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களையும் டெஸ்டரில் பார்த்துவிடுங்கள். டீசல் பனிபோலத் தூவாமல் சொட்டினால் குளிர்ந்த சிலிண்டரில் முழுதாக எரியாது. எஞ்சின் ஓடும்போது நாசில் பைப் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கழற்றிய இணைப்புகளில் பழைய செப்பு வாஷர்களையே திருப்பிப் போடாமல் புதியவற்றைப் போடுங்கள். முன்பே ஏற்றிவைத்த ஐடிலிங் ஸ்க்ரூவை, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.