காய்கறிக் கழிவுல வீட்டுக்கே கேஸ், மொட்டை மாடில போடுற சின்ன பிளான்ட்

ரெண்டு பிளாஸ்டிக் டேங்க் வேணும், ஒண்ணு 1000 லிட்டர், இன்னொண்ணு 750. பெருசோட மேல்பக்கத்தை வெட்டி எடுத்துட்டு சின்னதைக் கவுத்து உள்ள இறக்கணும், கேஸ் சேரச் சேர அது தானா மேல ஏறும், எரிச்சா இறங்கும், எவ்ளோ இருக்குன்னு பாத்தாலே தெரியும். கழிவு ஊத்த அடிவரைக்கும் ஒரு பிவிசி பைப், எதிர்ப்பக்கம் மேல ஸ்லரி, அதாவது செரிச்ச கழிவுக் கரைசல், வழிய ஒரு பைப், கவுத்த டேங்க் உச்சில கேஸைத் தொறந்து மூட ஒரு பால் வால்வு (ball valve), அங்கேந்து அடுப்புக்கு ஓஸ். வெயில் படுற எடமா வைங்க, 30-லேந்து 37 டிகிரில தான் இது நல்லா வேலை செய்யும், மார்கழில கேஸ் கொறையும்.

முதல்ல சாணமும் தண்ணியும் சரிக்குச் சரி, கட்டியில்லாம கரைச்சு ரொப்புங்க. மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிர் மாட்டு வயித்துல இருக்கு, அதனால பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதான் இது. ரெண்டு மூணு வாரத்துல டேங்க் ஏறும், ஆனா முதல் கேஸைப் பத்த வைக்காதீங்க, உள்ள காத்து கலந்திருக்கும், அப்படியே வெளிய விட்டுடுங்க. அடுத்து ஏறுறதை அடுப்புல மட்டும் பத்த வச்சுப் பாருங்க, டேங்க் பக்கத்துல தீக்குச்சியே கூடாது.

இனிமேதான் முக்கியமான விஷயம், பல பிளான்ட் படுத்துடுறது இங்கதான். கேஸ் வந்த சந்தோஷத்துல வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் கொட்டிடுவாங்க, புளிக்க வைக்கிற கிருமி வேகமா வளரும், மீத்தேன் கிருமி மெதுவாதான் வளரும், அதனால உள்ள அமிலம் ஏறி கேஸே நின்னுடும். ஒரு நாளைக்கு கால் கிலோ கழிவுல ஆரம்பிச்சு வாரா வாரம் கொஞ்சம் கூட்டி 2 கிலோவோட நிறுத்துங்க, மிக்ஸில அடிச்சு அதே அளவு தண்ணி சேத்து ஊத்துங்க. பழைய சோறு, கஞ்சி, வாழைப்பழத் தோல், அழுகின தக்காளி எல்லாம் அருமையா வேலை செய்யும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வேண்டாம், அதுல இருக்கிற எண்ணெய் கிருமியைக் கொன்னுடும். தேங்கா நார், குச்சி, முட்டை ஓடு செரிக்காது. ஸ்லரில புளிச்ச வாடை தூக்கலா வந்து தீயும் நிக்காம அணைஞ்சா தீனியை நிறுத்திட்டு சாணக் கரைசல் ஊத்துங்க, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணியும் சேக்கலாம்.

சிலிண்டர் அடுப்புல கேஸ் வர்ற ஜெட் ஓட்டை இதுக்குப் பத்தாது, பெருசாக்கணும், இல்லன்னா பயோகேஸ் அடுப்பே வாங்கிடுங்க. 2 கிலோ கழிவுக்கு அரை மணிலேந்து ஒரு மணி நேரம் எரியும். வழியிற ஸ்லரில தண்ணி கலந்து செடிக்கு ஊத்துங்க, ரெண்டு டேங்குக்கும் நடுவுல உள்ள இடைவெளியை மட்டும் கொசுவலையால மூடி வைங்க.